ஆசிரியர் மேசை: கணித வகுப்பில் திரைக்கு என்ன வேலை?

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நம் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிக் கணித வகுப்பையும் அதற்குள் புகுந்துவிட்ட திரைகளையும் பற்றியவையாக இருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப்பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில்தான் எழுதுகிறேன். கணினித் துறையில் எனக்குத் தனித் தேர்ச்சி ஏதுமில்லை.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். இவ்வாண்டு தொடக்கநிலை 5 மாணவர்களுக்குக் கணிதம் எடுக்கிறேன். அண்மையில் ஒரு பயிலரங்கில் ஒரே பிற்பகலில் பதினெட்டுச் செயலிகளைக் காட்டினார்கள். வீடு வந்து சேர்வதற்குள் அத்தனையும் மறந்துபோயின. இளைய ஆசிரியர்கள் எல்லாவற்றையும் மளமளவென்று செய்துவிடுகிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?
— ஓர் ஆசிரியை, ஈசூன்

பதில்: பதினெட்டையும் மறந்துவிட்டதற்காக வருந்தாதீர்கள். செயலியைக் கையில் வைத்துக்கொண்டு பாடத்தைத் தேடினால், 'இதை எங்கே நுழைக்கலாம்' என்ற எண்ணம்தான் வரும். அதற்கு மாறாக, உங்கள் பிள்ளைகள் ஆண்டுதோறும் தடுக்கி விழுகின்ற ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் வெண்பலகையாலும் பேச்சாலும் செய்ய முடியாதது எது என்று யோசித்துப் பாருங்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் வகுப்பில் நின்ற உங்களுக்கு அந்த இடங்கள் அத்துப்படியாக இருக்கும். பயிலரங்கு நடத்தியவருக்கு அவை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நீங்கள் தொடக்கநிலை 5 எடுப்பதால் முக்கோணத்தின் பரப்பளவையே எடுத்துக்கொள்வோம். 'அடிப்பக்கம் பெருக்கல் உயரம், வகுத்தல் இரண்டு' என்பதைப் பிள்ளைகள் மறுநாளே ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் முக்கோணத்தைச் சற்றுச் சாய்த்து வரைந்து, இந்த அடிப்பக்கத்திற்கு உயரம் எது என்று கேட்டால், பலருடைய விரல் சாய்ந்த பக்கத்தின் மீதுதான் போய் நிற்கும். விரிகோண முக்கோணத்தில் உயரம் உருவத்துக்கு வெளியேயும் விழலாம் என்பதை அவர்கள் ஏற்றுக்கொள்வதே இல்லை. பலகையில் நாம் அளவுகோல் வைத்து நான்கு முக்கோணங்கள் வரைகிறோம். பிள்ளையின் கண்ணுக்கு அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு படங்கள். ஒரே முக்கோணத்தின் உச்சி நகர்ந்ததால் பிறந்த நான்கு தோற்றங்கள் அவை என்பதைப் பலகை காட்டாது, ஏனெனில் பலகையில் வரைந்த கோடு நகராது.

இந்த இடத்தில்தான் திரைக்கு வேலை இருக்கிறது. ஜியோஜெப்ரா என்ற இலவச மென்பொருளை, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் உருவாக்கத் தொடங்கினார். இன்று அது உலாவியிலேயே இயங்குகிறது. அதில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இணைகோடுகள் வரையுங்கள். கீழ்க்கோட்டில் 8 சென்டிமீட்டர் அடிப்பக்கத்தை நிலையாக வையுங்கள். மேல்கோட்டின் மீது ஒரு புள்ளியை வைத்து முக்கோணத்தை முடியுங்கள். அந்தப் புள்ளி மட்டும் இடமும் வலமும் ஓடும். பரப்பளவைக் காட்டும் எண்ணை மறைத்து வைத்துவிடுங்கள். இவ்வளவுதான் கருவி.

புள்ளியை நகர்த்தும் முன்னர், பரப்பளவு கூடுமா, குறையுமா, மாறாதா என்று கேட்டுக் கைதூக்கச் சொல்லுங்கள். நான் இப்பாடத்தை எடுத்த வகுப்புகளிலெல்லாம் பிள்ளைகள் மூன்று அணிகளாகப் பிரிந்தார்கள். 'குறையும்' என்ற அணிதான் எப்போதும் பெரியது. பிறகு புள்ளியை மெதுவாக இழுத்துவிட்டு, எந்த விளக்கமும் தராமல் காத்திருங்கள். ஒருமுறை, வழக்கமாகக் கைதூக்காத ஒரு பையன், "முக்கோணம் மெலிந்துகொண்டே போகிறது, ஆனால் நீண்டுகொண்டும் போகிறதே" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நான் விளக்க வேண்டியது மிகக் குறைவாகவே இருந்தது. உச்சி அடிப்பக்கத்தின் முனையைத் தாண்டி வெளியே போனதும் உயரக்கோடும் அதனுடன் வெளியே போவதை வகுப்பே பார்த்தது. மறைத்த எண்ணைக் கடைசியில் திறந்தபோது, புள்ளி எங்கே நின்றாலும் 20 சதுர சென்டிமீட்டர்தான்.

அதன்பின் திரையை அணைத்துவிடுங்கள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கட்டத்தாளில், ஒரே பரப்பளவும் வெவ்வேறு தோற்றமும் கொண்ட மூன்று முக்கோணங்களை அவர்களே வரைந்து, மூலைமட்டம் வைத்து உயரத்தைக் குறிக்கட்டும். திரையில் பார்த்தது கைக்கு வந்துவிட்டதா என்பது அப்போதுதான் தெரியும்.

இப்படி ஒரு தவணைக்கு ஒரு பாடம் தயாரித்தால் போதும். ஆண்டுக்கு நான்கு ஆகிவிடும். அடுத்த ஆண்டும் அதே கோப்பை எடுத்து, சென்ற முறை பிள்ளைகள் சொன்ன தவறான பதில்களை நினைவில் கொண்டு கேள்விகளை மட்டும் திருத்திக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் வகுப்பறையில் ஏற்கெனவே இருக்கின்ற விஷுவலைசர் (தாளைப் படம்பிடித்துத் திரையில் பெரிதாகக் காட்டும் கருவி), என் கணிப்பில், பயிலரங்கில் காட்டிய பதினெட்டுக்கும் மேலானது. ஒரே கணக்கை இரண்டு பிள்ளைகள் இரண்டு வழிகளில் செய்திருந்தால், அவ்விரு பயிற்சிப் புத்தகங்களையும் அதனடியில் அருகருகே வைத்து, இவ்விரு வழிகளும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று வகுப்பைக் கேளுங்கள். அதற்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை.

கேள்வி: வணக்கம். ஒரு தொடக்கப்பள்ளியில் கணிதத் துறைத் தலைவராக இருக்கிறேன். எங்கள் ஆசிரியர்களுக்குக் கருவிகளைப் பற்றிப் பல பயிற்சிகளைக் கொடுத்துவிட்டோம். இருந்தும் பெரும்பாலோர் பாடத்தைப் படவில்லைகளாக மாற்றித் திரையில் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்கு எவ்வாறு உதவலாம்?
— துறைத் தலைவர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: உங்கள் ஆதங்கம் புதிதல்ல. கல்வி அமைச்சு தனது முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை 1997இல் அறிவித்தபோது, 2002ஆம் ஆண்டிற்குள் இரண்டு மாணவர்களுக்கு ஒரு கணினி, பாட நேரத்தில் 30 விழுக்காடு கணினிவழிக் கற்றல் என்னும் இலக்குகள் வைக்கப்பட்டன. அந்நாளில் நானும் பிள்ளைகளை வரிசையாகக் கணினிக்கூடத்துக்கு அழைத்துச் சென்று, உட்காரவைத்து, கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டவைத்து முடிக்கும்போது பாடவேளையில் பாதி போயிருக்கும். ஆயினும் பதிவேட்டில் அது கணினி நேரமாகவே ஏறியது. அந்தத் திட்டம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். பள்ளிகளுக்குக் கம்பிவடமும் கணினியும் வந்ததே அதனால்தான். ஆனால் எவ்வளவு நேரம் என்று அளந்தோமே தவிர, அந்த நேரத்தில் பிள்ளையின் தலைக்குள் என்ன நடந்தது என்று அளக்கவில்லை. அதற்குப்பின் 2003, 2009, 2015 ஆகிய ஆண்டுகளில் வந்த திட்டங்களும், 2030ஐ நோக்கி 2023இல் அறிவிக்கப்பட்ட திட்டமும் படிப்படியாகக் கருவியிலிருந்து கற்றலின் பக்கம் திரும்பியிருக்கின்றன.

பொத்தான்களைக் கற்பது பெரிய தடையன்று என்பதற்கு 2020 ஏப்ரலே சாட்சி. அம்மாதம் 8ஆம் தேதி முதல் பிள்ளைகள் அனைவரும் வீட்டிலிருந்தே படிக்க வேண்டியதானபோது, அதுவரை கல்வி அமைச்சின் இணையத்தளமான மாணவர் கற்றல் தளத்தை எட்டியே பார்க்காத ஆசிரியர்கள்கூட ஒரே வாரத்தில் அதைக் கையாளக் கற்றுக்கொண்டார்கள். தேவை வந்தபோது விரல்கள் தாமாகப் பழகிக்கொண்டன. உங்கள் ஆசிரியர்களிடம் குறைவாக இருப்பது வேறோர் அறிவு. ஒரு பாடப்பொருளை அறிவது ஒன்று, அதைப் பிள்ளைக்குப் புரியுமாறு கற்பிக்க அறிவது மற்றொன்று என்று கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் பிரித்துக் காட்டினார். அவற்றோடு தொழில்நுட்ப அறிவையும் சேர்த்து, மூன்றும் ஒன்றுகூடும் இடத்தில் பிறக்கும் தனி அறிவைப் பற்றிப் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் எழுதினார்கள். 'தசம எண்களை ஒப்பிடும்போது பிள்ளை எங்கே தவறும், அந்தத் தவற்றைத் திரையின் எந்த அசைவு வெளிக்கொணரும்' என்பது அத்தகைய அறிவு. அதைப் பயிலரங்கின் படவில்லைகளில் பெற முடியாது.

எவ்வாறு பெறலாம் என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பள்ளியில் தொடக்கநிலை 4 ஆசிரியர்கள் நால்வர் ஒன்றாக உட்கார்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிட்டார்கள். ஜப்பானிய ஆசிரியர்களிடம் நெடுங்காலமாக இருந்துவரும் பாட ஆய்வு முறைதான் அது. நம் பள்ளிகள் பலவும் அதைப் பின்பற்றுகின்றன. அவர்கள் எடுத்துக்கொண்டது, 0.35 பெரியதா 0.4 பெரியதா என்ற கேள்வி. 35 என்பது 4ஐ விடப் பெரியது என்பதால் 0.35தான் பெரியது என்று பிள்ளைகள் உறுதியாகச் சொல்வார்கள். 0.3க்கும் 0.4க்கும் இடையே உள்ள பகுதியைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனால் அதற்குள் பத்துச் சிறு பகுதிகள் தோன்றுமாறு ஓர் எண்கோட்டைத் தயாரித்தார்கள்.

முதல் வகுப்பில் பாடம் நடத்திய ஆசிரியை எண்கோட்டை விறுவிறுவென்று பெரிதாக்கிக் காட்டினார். பிள்ளைகள் வியப்போடு பார்த்தார்கள். ஆனால் பாட முடிவில் கொடுத்த பயிற்சித்தாளில் பழைய தவறு அப்படியே இருந்தது. மற்ற மூவரும் பின்வரிசையில் உட்கார்ந்து ஆசிரியையைக் கவனிக்காமல் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளை மட்டும் கவனித்துக் குறிப்பெடுத்திருந்தார்கள். மாலையில் அந்தக் குறிப்புகளை வைத்துப் பேசியபோது, எண் எங்கே விழும் என்று பிள்ளைகள் ஊகிப்பதற்கு முன்பே திரை பதிலைச் சொல்லிவிடுகிறது என்று கண்டுகொண்டார்கள். அடுத்த வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகிதப் பட்டை கொடுத்து, 0.35 எங்கே இருக்கும் என்று பென்சிலால் குறிக்கச் சொன்ன பிறகே திரையைப் பெரிதாக்கினார்கள். 0.4க்கு வலப்புறம் குறித்திருந்த ஒரு சிறுமி, திரையைப் பார்த்ததும் தன் பட்டையை எடுத்து மேசைக்கடியில் மறைத்துக்கொண்டாள். பிறகு மெல்ல வெளியே எடுத்து, அழித்து, சரியான இடத்தில் குறித்தாள். மென்பொருளில் ஒரு மாற்றமும் செய்யவில்லை. கேள்வி கேட்கும் நேரம் மட்டும் முன்னே வந்தது.

இதற்கு ஆண்டுக்கு இரண்டு பாடங்கள் போதும். நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம், அந்த நால்வருக்கும் அட்டவணையில் ஒரே ஓய்வுப் பாடவேளையை ஒதுக்கிக் கொடுப்பதும், அந்த வகுப்பை மதிப்பீட்டிற்குரிய வகுப்பாகக் கருதாமல் இருப்பதுமாகும். மதிப்பெண் போட ஆள் வந்து உட்கார்ந்தால், எந்த ஆசிரியரும் தனக்கு நன்றாக வரும் பாடத்தைத்தான் காட்டுவார்.

தோற்றுப்போன பாடங்களைப் பற்றிப் பேசுவதைத் துறைத் தலைவரே தொடங்கி வைத்தால் மற்றவர்களுக்கும் வாய் திறக்கும். என்னுடையதை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னம் கற்பிக்க ஒரு வாரம் உட்கார்ந்து, பீட்சா ஒன்று ஒலியோடு மூன்று சம துண்டுகளாகப் பிரியும் அசைவுப்படம் ஒன்றைச் செய்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுநாள் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை வரையச் சொன்னபோது, பாதிப் பேர் வட்டத்தின் குறுக்கே இரண்டு நெடுக்குக் கோடுகளை இழுத்து, நடுத்துண்டு பெரிதாகவும் ஓரத்துண்டுகள் சிறிதாகவும் வரைந்திருந்தார்கள். சமமாகப் பிரிக்கும் வேலையை, அதாவது பின்னத்தின் உயிர்நாடியான வேலையை, நான் கணினியிடம் கொடுத்துவிட்டிருந்தேன். காகிதப் பட்டையை மூன்றாக மடிக்கச் சொல்லியிருந்தால், இரண்டாகவும் நான்காகவும் மடிப்பது எளிது, மூன்றாக மடிப்பது கடினம் என்பதையாவது அவர்கள் கண்டிருப்பார்கள்.

நடைமுறைச் சிக்கல்களையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களைப் போலத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு சொந்தக் கணினி இல்லை. பள்ளியின் சாதனங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மின்கலம் தீர்ந்த சாதனம் ஒன்று கையில் கிடைத்தால் அந்தப் பிள்ளைக்கு அன்று பாடமில்லை. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு முழுப் பாடவேளையைத் தளத்துக்குள் நுழைந்து வெளியேறப் பழகுவதற்கென்றே செலவிட்டால், அந்த நேரம் பின்னால் பலமுறை திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: என் மகள் தொடக்கநிலை 2 படிக்கிறாள். கணிதச் செயலியில் நட்சத்திரங்களாக அள்ளுகிறாள். தாளில் கழித்தல் கணக்கு எழுதச் சொன்னால் தவறாகச் செய்கிறாள். செயலி பொய் சொல்கிறதா?
— ஒரு தாய், செங்காங்

பதில்: பொய் சொல்லவில்லை, அது கேட்கின்ற கேள்வி வேறு. ஒரு நாள் அருகில் உட்கார்ந்து அவள் எவ்வாறு செய்கிறாள் என்று மட்டும் பாருங்கள். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லி நான்கு விடைகள் தரப்பட்டிருந்தால், அவள் 35ஐத் தொடுவாள், சிவப்பு வந்தால் 25ஐத் தொடுவாள், நட்சத்திரம் விழும். ஏன் 35 என்று யாரும் கேட்பதில்லை. ஒன்றின் இடத்தில் 2இலிருந்து 7ஐக் கழிக்க முடியாததால், 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று எழுதிவிடுகிறாள். இந்த வயதில் மிகப் பரவலான தவறு இது.

ஐஸ்கிரீம் குச்சிகளை வாங்கிப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். ஐந்து கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் அவள் முன் வைத்து, ஏழு குச்சிகள் கொடு என்று கேளுங்கள். உதிரியில் இரண்டுதான் இருப்பதைக் கண்டு சற்று விழிப்பாள். பிறகு ஒரு கட்டின் ரப்பரை அவளே அவிழ்ப்பாள். அந்த ரப்பரை அவிழ்ப்பதுதான் நாம் 'பத்தைக் கடன் வாங்குதல்' என்று சொல்வது. விரல்நுனியால் தொடும் செயலியில் அந்த அவிழ்ப்பு பெரும்பாலும் தானாகவே நடந்துவிடுகிறது. பொருள், படம், எண் என்ற வரிசையில் செல்வது நம் தொடக்கப்பள்ளிக் கணிதத்தின் அடிப்படை. அது அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் கருத்திலிருந்து வந்தது. செயலி இரண்டாவது படியில் பயன்படும். முதற்படியைத் தாண்டிக் குதிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது.

அவளுடைய ஆசிரியருக்கும் இதை எழுதித் தெரிவியுங்கள். தளம் அனுப்பும் அறிக்கையில் மதிப்பெண் மட்டுமே இருக்கும். 35 என்ற விடை எங்கிருந்து வந்தது என்பது உங்கள் குறிப்பிலிருந்துதான் அவருக்குத் தெரியவரும். மற்றபடி, 7 முதல் 12 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை தவிர்த்த திரை நேரம் நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது 2025 ஜனவரியில் வெளியான சுகாதார வழிகாட்டுதல். நட்சத்திரம் சேர்ப்பதைப் பள்ளி வேலைக் கணக்கில் எழுதுவதா, விளையாட்டுக் கணக்கில் எழுதுவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நாங்கள் பதினாறாம் வாய்பாடு வரை மனப்பாடம் செய்தோம். என் பேரன் கால்குலேட்டரைத் தேர்வுக்கே எடுத்துச் செல்கிறான். ஆசிரியர்களே இதை ஊக்குவிக்கலாமா?
— ஒரு தாத்தா, பிடோக்

பதில்: ஐயா, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 2009 முதல் கால்குலேட்டருக்கு அனுமதி உண்டு, ஆனால் இரண்டாம் தாளுக்கு மட்டும். முதல் தாளில் உங்கள் காலத்தைப் போலவே மூளைதான். வாய்பாடும் போய்விடவில்லை, இன்றும் பிள்ளைகள் அதை மனத்தில் பதித்தே ஆக வேண்டும்.

உங்கள் பேரனோடு ஒரு விளையாட்டு விளையாடிப் பாருங்கள். காய்கறிக் கடையில் இருப்பது போன்ற சாதாரணக் கால்குலேட்டர் ஒன்றையும் அவனுடைய பள்ளிக் கால்குலேட்டரையும் அருகருகே வைத்து, இரண்டிலும் 2 கூட்டல் 3 பெருக்கல் 4 என்று வரிசையாக அழுத்துங்கள். கடைக் கால்குலேட்டர் பெரும்பாலும் 20 என்று சொல்லும். அவனுடையது 14 என்று சொல்லும். எது சரி, மற்றது ஏன் அப்படிச் சொன்னது என்று கேளுங்கள். பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்ற விதியை நான் பலகையில் எழுதிப் போட்ட ஆண்டுகளைவிட, இரண்டு கருவிகளையும் சண்டைக்கு விட்ட ஆண்டுகளில்தான் பிள்ளைகள் அதை மறக்காமல் இருந்தார்கள். அடுத்து, 8 என்ற பொத்தான் கெட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொண்டு திரையில் 48ஐ வரவழைக்கச் சொல்லுங்கள். உங்கள் வாய்பாடு அங்கே கைகொடுக்கும்.

கேள்வி: வாக்கியக் கணக்குகளைத் தயாரிக்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிறேன். இது சரியா?
— ஓர் இளைய ஆசிரியர், தெம்பனிஸ்

பதில்: சரிதான்; ஆனால் ஒவ்வொரு கணக்கையும் நீங்களே ஒருமுறை செய்து பார்த்த பிறகு கொடுங்கள், அதுவும் 1980களில் இங்கு உருவான மாடல் முறைப்படி, கணக்கிலுள்ள அளவுகளைக் கட்டங்களாக வரைந்து. பேருந்தில் 38 பயணிகள், அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் மாணவர்கள் என்று ஒரு கணக்கு எனக்கு வந்தது, ஒன்பதரை மாணவர்கள்! கணக்கு நன்றாக இருந்தாலும், மாடல் வரைந்து பார்த்தால்தான் அது தொடக்கநிலை 4க்கு உரியதா 6க்கு உரியதா என்று தெரியும். பிள்ளைகளின் பெயரையோ மதிப்பெண்ணையோ எக்காரணத்துக்காகவும் அதில் உள்ளிடாதீர்கள். மாணவர் கற்றல் தளத்தில் 2023இல் கணிதத்துக்கெனத் தகவமைவுக் கற்றல் வசதி சேர்க்கப்பட்டது. பிள்ளைக்கேற்பப் பயிற்சி தர வேண்டுமென்றால் முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: வார இறுதியில் ஒரு சமூக அமைப்பின் துணைப்பாட வகுப்பில் தொண்டூழியராகக் கணிதம் சொல்லித்தருகிறேன். அங்கே கணினியில்லை, திரையில்லை. என் திறன்பேசி மட்டுமே உண்டு. பிள்ளைகள் பள்ளியில் கணிதத்தை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். நான் இடையிடையே தமிழில் விளக்கலாமா?
— ஒரு தொண்டூழியர், உட்லண்ட்ஸ்

பதில்: ஒரு திறன்பேசி தாராளமாகப் போதும். அதைப் பிள்ளைகளிடம் கொடுத்து, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பெருக்கலைப் படம் பிடித்து வரச் சொல்லுங்கள். தரை ஓடுகள், அஞ்சல் பெட்டி வரிசைகள், சன்னல் கம்பிகள் என்று கொண்டு வருவார்கள். அஞ்சல் பெட்டிகள் 6 வரிசை, வரிசைக்கு 9 என்றால், எண்ணாமலே மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். பிறகு படத்தில் ஒரு வரிசையை விரலால் மறைத்துவிட்டு மீண்டும் கேளுங்கள். ஆறு ஒன்பதிலிருந்து ஐந்து ஒன்பதுக்கு எவ்வாறு போவது என்பதை அந்த விரல் சொல்லிக்கொடுக்கும்.

தமிழில் விளக்குவதைப் பற்றி: தாராளமாக விளக்குங்கள். சில இடங்களில் தமிழ் ஆங்கிலத்தைவிடத் தெளிவாகப் பேசுகிறது. ஆங்கிலத்தில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் உரிய சொற்களில் பத்து ஒளிந்திருப்பது குழந்தையின் காதில் விழாது. 'பதினொன்று', 'பதின்மூன்று' என்னும்போது பத்து முன்னால் வந்து நிற்கிறது. (ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகிய மூன்றும் நம்மிடமும் குறும்பு செய்யும்; அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம்.) பின்னத்தில் இந்தத் தெளிவு இன்னும் கூடுதல். ஆங்கிலத்தில் மேலெண்ணை முதலில் படிக்கிறார்கள். நாம் 'மூன்றில் இரண்டு' என்று, முழுமை எத்தனை பங்காகப் பிரிக்கப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதில் எத்தனையை எடுத்தோம் என்பதைப் பிறகு சொல்கிறோம். பட்டையை மடிக்கும் கையும் அதே வரிசையில்தான் செல்கிறது: முதலில் மூன்றாக மடிப்பு, பிறகு இரண்டுக்கு வண்ணம்.

ஆகவே ஒரு காகிதப் பட்டையை மடித்துக்கொண்டே பிள்ளையைத் தமிழில் சொல்லவைத்து, அதைத் திறன்பேசியில் அரை நிமிடக் காணொளியாகப் பதிவுசெய்யுங்கள். பிறகு அதையே ஒலியில்லாமல் ஓடவிட்டு, தேர்வில் எழுத வேண்டிய ஆங்கிலச் சொற்களால் அவனையே விளக்கம் பேசச் சொல்லுங்கள். கை செய்ததும் வாய் சொன்னதும் எங்கே பொருந்தவில்லையோ, அங்கே காணொளியை நிறுத்தினால், அடுத்த வாரப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.